கோதுமையை நிறுத்தச் சொல்லிட்டாரா டாக்டர்? பயப்படாதீங்க!

"சப்பாத்தி கூடாது, பூரி கூடாது, பரோட்டா இருக்கிற பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதீங்க. பிஸ்கட், பன், ரவா உப்புமா, சேமியா பாயசம்... எதுவும் வேண்டாம். ஒரு மாசத்துக்கு இல்லை, ஆயுசு முழுக்க!"

டாக்டர் இப்படிச் சொன்னதும் உங்களுக்குத் தலை சுற்றியிருக்கும். 'சீலியாக்' என்று ஒரு பேரை வேறு சொல்லியிருப்பார். கேள்விப்பட்டதே இல்லையே என்று குழம்பிப் போயிருப்பீர்கள். வீட்டுக்கு வந்து சொன்னால், "கோதுமை சாப்பிட்டா ஒரு வியாதியா? சுகர் பேஷன்டுக்கே அதைத்தானே சாப்பிடச் சொல்றாங்க!" என்று மாமியார் ஆச்சரியப்பட்டிருப்பார். பக்கத்து வீட்டுக்காரர், "எதுக்கும் இன்னொரு டாக்டரைப் பாருங்க" என்று யோசனை சொல்லியிருப்பார்.

முதலில் ஒரு நல்ல செய்தி. ஆபரேஷன், ஊசி, ஆயுசு முழுக்க மாத்திரை என்று எதுவுமே இல்லாமல், சாப்பாட்டை மட்டும் மாற்றினாலே கட்டுப்படுகிற வியாதி இது. இன்னொரு நல்ல செய்தி, அந்த மாற்றம் நம் தென்னிந்தியச் சமையலறையில் ரொம்பச் சுலபம். இட்லியும் தோசையும் சாதமும் இருக்கிற வீட்டில் பட்டினி என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால், நம் சமையலறைக்கே உரிய சில ரகசிய ஆபத்துகளும் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் சப்பாத்தியை மட்டும் நிறுத்தினால் பலன் கிடைக்காது. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அது என்ன சீலியாக்?

பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது பார்த்திருக்கிறீர்களா? துணி மாதிரி விரியும், கிழியாது. அரிசி மாவை அப்படி வீச முடியுமா? முடியாது. கோதுமைக்கு அந்த இழுவையைக் கொடுப்பது 'குளூட்டன்' என்கிற புரதம். பிசைந்த மைதா உருண்டையைக் குழாய்த் தண்ணீரில் காட்டி அலசிக்கொண்டே இருங்கள். மாவெல்லாம் கரைந்துபோய், கடைசியில் கையில் ரப்பர் மாதிரி ஒன்று மிஞ்சும். அதுதான் குளூட்டன்! கோதுமையில் மட்டுமல்ல, பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் இதன் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. சீலியாக் உள்ளவர்களுக்கு மட்டும், உடம்பின் காவல்படையான நோய் எதிர்ப்பு சக்தி இந்தப் புரதத்தை எதிரி என்று நினைத்துக்கொண்டு சண்டைக்குக் கிளம்பிவிடுகிறது. அந்தச் சண்டையில் அடி வாங்குவது நம்முடைய சிறுகுடல்தான்.

சிறுகுடலின் உள்பக்கம் டர்க்கி டவல் மாதிரி இருக்கும். டவலில் நூல் நூலாக நிற்கிறதே, அதுபோல் லட்சக்கணக்கான மெல்லிய உறிஞ்சிகள். சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் எல்லாவற்றையும் இவைதான் உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்புகின்றன. சீலியாக்கில் இந்த நூல்கள் தேய்ந்து மழுங்கி, டவல் வழுவழுப்பான துணியாகிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு சத்தாகச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது!

இது பரம்பரையாகத் தொடர்கிற தன்மை உள்ளது. ஆனால், குறிப்பிட்ட மரபணு இருக்கிற எல்லோருக்கும் வியாதி வந்துவிடுவதில்லை. சிலருக்கு மட்டுமே வருகிறது. குழந்தைப் பருவத்திலும் வரலாம், அறுபது வயதிலும் வரலாம். உங்கள் சமையலோ, வளர்ப்போ இதற்குக் காரணம் இல்லை. அந்தக் குற்ற உணர்ச்சியை இன்றைக்கே தூக்கிப் போடுங்கள்.

பஞ்சம் சொன்ன பாடம்

குழந்தைகளுக்கு வரும் இந்த வியாதியை சாமுவேல் ஜீ என்ற லண்டன் டாக்டர் 1888-ம் ஆண்டிலேயே தெளிவாக விவரித்து எழுதிவிட்டார். சாப்பாட்டின் மூலம்தான் இதைக் குணப்படுத்த முடியும் என்றும் ஊகித்தார். ஆனால், எந்தச் சாப்பாடு என்று அவருக்குப் பிடிபடவில்லை. அதற்குப் பிறகு வாழைப்பழ வைத்தியம் என்றெல்லாம்கூட ஒன்று பிரபலமாக இருந்தது.

விடை கிடைத்தது நெதர்லாந்து நாட்டில். டிக்கே என்ற குழந்தைகள் டாக்டருக்கு கோதுமை மேல் முன்பே ஒரு சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944-45 குளிர்காலத்தில், அங்கே கொடிய பஞ்சம். பிரெட் கிடைக்கவில்லை. ஊரே வாடியபோது சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! பஞ்சம் தீர்ந்து பிரெட் திரும்பி வந்ததும் அவர்களுக்கு மறுபடி வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. தன் ஆராய்ச்சியை 1950-ல் அவர் வெளியிட்டார். இன்றைக்கு உங்கள் டாக்டர் எழுதித் தருகிற 'கோதுமை வேண்டாம்' சீட்டுக்கு மூலம் அதுதான்.

நம் ஊரில் ஏன் தாமதமாகத் தெரிகிறது?

இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. சீலியாக்கைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்புப் பொருள், வட இந்தியாவில் 1.23 சதவிகிதம் பேரின் ரத்தத்தில் இருந்தது. தென்னிந்தியாவில் 0.10 சதவிகிதம் பேரிடம்தான். வேடிக்கை என்னவென்றால், இதற்குக் காரணமான மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. பெரிய வித்தியாசம் தட்டில்தான்! அங்கே ஓர் ஆள் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட, இங்கே வெறும் 25 கிராம்.

நம் பக்கம் அபூர்வம் என்பதால் சட்டென்று யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அதோடு இது பல வேஷம் போடும். தீராத வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், எடை குறைவது என்று நேரடியாக வந்தால் பரவாயில்லை. சிலருக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இருக்காது. வருஷக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ஏறாத ஹீமோகுளோபின், வயசுக்கேற்ற உயரம் வராத பிள்ளை, தள்ளிப்போகும் பூப்பு, எலும்பு தேய்மானம், அடிக்கடி கலையும் கரு, முழங்கையிலும் முழங்காலிலும் அரிப்போடு வரும் கொப்புளம்... இப்படியும் தலைகாட்டும்.

"பொண்ணு ஒல்லிதான், எங்க பரம்பரையே அப்படித்தான்" என்று சொல்லிச் சொல்லியே வளர்கிற வயசு கடந்து போன பிள்ளைகள் உண்டு. காலத்தோடு கண்டுபிடித்துவிட்டால் அந்த உயரத்தைப் பெரும்பாலும் திரும்பப் பிடித்துவிடலாம். வளர்ச்சி நின்ற பிறகு கண்டுபிடித்தால் அது கஷ்டம். அதனால், கண்டுபிடித்துச் சொன்ன டாக்டருக்கு மனசுக்குள் ஒரு நன்றி சொல்லிவிடுங்கள்.

டெஸ்ட் முடியும் வரை நிறுத்தாதீங்க!

இது ரொம்ப முக்கியம். சந்தேகம் வந்த உடனே பலர் தாங்களாகவே கோதுமையை நிறுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் குறைந்துவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும். டெஸ்டில் 'ஒன்றுமில்லை' என்று வரும். வியாதி இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாமல் போய்விடும்.

டி.டி.ஜி. எனப்படும் ரத்தப் பரிசோதனை, அதோடு மொத்த ஐஜிஏ அளவு, பிறகு எண்டாஸ்கோபி செய்து சிறுகுடலில் இருந்து துளித்துளியாகச் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி... இதுதான் வழக்கமான வரிசை. ரத்தத்தில் அளவு மிக அதிகமாக உள்ள சில குழந்தைகளுக்கு பயாப்ஸி வேண்டாம் என்று ஸ்பெஷலிஸ்ட் முடிவு செய்வதும் உண்டு. எல்லாம் முடிந்து, 'ஆமாம், சீலியாக்தான்' என்று உறுதியான பிறகே கோதுமைக்கு விடை கொடுங்கள்.

"ஒரு வாய்தானே, என்ன ஆயிடும்?"

உங்களை அதிகம் சோதிக்கப்போவது இந்த ஒரு வாக்கியம்தான். பாட்டி சொல்வார், பெரியம்மா சொல்வார், ஆசையோடு உங்கள் நாக்கே சொல்லும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பிரெட் துண்டில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கிறது. தினமும் வெறும் 50 மில்லிகிராம், அதாவது அந்தத் துண்டை நாற்பதாகக் கிள்ளினால் வருகிற ஒரு கிள்ளு, மூன்று மாதம் தொடர்ந்து போனாலே குடல் சேதமாகும் என்று ஆராய்ச்சியில் தெரிந்திருக்கிறது.

இன்னொரு சங்கடம். ஒரு வாய் சாப்பிட்டதும் எல்லோருக்கும் வயிறு வலிப்பதில்லை. சிலருக்கு ஒன்றுமே தெரியாது. "பாத்தியா, ஒண்ணும் ஆகலை!" என்று தைரியம் வந்துவிடும். வெளியே சத்தமில்லாமல் உள்ளே சேதம் நடந்துகொண்டேயிருக்கும். வருஷக்கணக்கில் இப்படியே விட்டால் எலும்பு பலவீனம், குழந்தைப்பேற்றில் சிக்கல், அபூர்வமாகக் குடலில் ஒருவகைப் புற்றுநோய் வரை போகலாம். பயமுறுத்தச் சொல்லவில்லை. கட்டுப்பாடாக இருந்தால் இந்த ஆபத்துகள் வெகுவாகக் குறைகின்றன என்பதைச் சொல்லத்தான் சொல்கிறோம்.

தாராளமாகச் சாப்பிடலாம்!

கூடாததையே பேசிக்கொண்டிருந்தால் எப்படி? இதோ, தைரியமாகச் சாப்பிட வேண்டியவை:

அரிசி, அவல், பொரி, ஜவ்வரிசி, சோளம், மக்காச்சோளம். கேழ்வரகு, கம்பு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி. எல்லாப் பருப்பும், பயறும், கொண்டைக்கடலையும். காய், கீரை, பழம், உருளைக்கிழங்கு, மரவள்ளி, சேனை. பால், தயிர், நெய், முட்டை, மீன், கறி. தேங்காய், வேர்க்கடலை, எள்.

காலையில் இட்லி, இடியாப்பம், புட்டு, ஆப்பம், வெண்பொங்கல். மத்தியானம் சாதம், பருப்பு, கூட்டு, பொரியல். சாயங்காலம் சுண்டலோ கேழ்வரகு அடையோ. ராத்திரி தினை உப்புமாவோ கம்பு தோசையோ. எதில் குறை?

இனிப்புப் பிரியரா? அதிரசம், எள்ளுருண்டை, கடலை மிட்டாய், பால் கொழுக்கட்டை, ஜவ்வரிசிப் பாயசம் எல்லாம் வீட்டில் செய்தால் நிம்மதியாகச் சாப்பிடலாம். உளுந்தில் செய்கிற ஜாங்கிரி பரவாயில்லை, மைதாவில் செய்கிற ஜிலேபி கூடாது. கடலை மாவு மைசூர்பாகு சரி, பாதுஷாவும் குலாப் ஜாமூனும் வேண்டாம். திருநெல்வேலி அல்வா..? கோதுமைப் பாலில் கிளறுவதாயிற்றே! அதற்கு மட்டும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஒளிந்திருக்கும் வில்லன்கள்

சப்பாத்தியை அடையாளம் தெரியும். முகமூடி போட்டுக்கொண்டு வருகிறவர்களைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பெருங்காயம்: அதிர்ச்சியாக இருக்கிறதா? கடையில் வாங்குகிற பெருங்காயம் பெரும்பாலும் கலப்புப் பெருங்காயம். சுத்தமான பெருங்காயம் காரம் மிகுந்தது என்பதால் கோந்தும் மாவும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். அந்த மாவு பல நேரம் கோதுமை அல்லது மைதா. சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், கொழுக்கட்டைப் பூரணம் வரை எல்லாவற்றிலும் ஒரு சிட்டிகை போடுகிற வீட்டில் இதுதான் முதல் வில்லன்! அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. லேபிளைப் படித்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பூண்டு, இஞ்சி, சீரகத்தை வைத்துச் சமாளியுங்கள்.

சம்பா ரவை: 'சம்பா' என்றதும் அரிசி என்று நினைத்துவிடாதீர்கள். இது சம்பா கோதுமை. நாட்டு ரகம், பழைய ரகம் என்று சொன்னாலும் கோதுமை கோதுமைதான்.

ராகி சேமியா: பேர் ராகி, உள்ளே பல சமயம் கோதுமையும் சேர்ந்திருக்கும். 'மல்டிகிரெய்ன்' மாவும் அப்படித்தான்.

சத்துமாவு: கடையில் விற்கும் பலவற்றில் கோதுமையும் பார்லியும் உண்டு. வீட்டிலேயே தயாரியுங்கள்.

பார்லித் தண்ணீர்: கால் வீக்கம், சிறுநீர்க் கடுப்பு என்றால் உடனே நம் வீடுகளில் இதுதான். சீலியாக் உள்ளவருக்குக் கூடாது.

மால்ட் பானங்கள்: 'வளர்ற பிள்ளை' என்று பாலில் கலந்து கொடுக்கிறோமே, அந்தப் பவுடர்களில் பெரும்பாலானவை பார்லி, கோதுமை மால்ட்டில் செய்தவை. மால்ட் சேர்த்த கார்ன்ஃப்ளேக்ஸும் இதே கதை. பீரும் பார்லிதான்.

மற்றவை: சோயா சாஸ், கோபி மஞ்சூரியன், பிரெட் தூள் தடவிய கட்லெட், ஐஸ்கிரீம் கோன், மைதா சேர்த்த முறுக்கு, தட்டை, ரெடிமேட் பஜ்ஜி மாவு, பாக்கெட் சூப். அப்பளத்திலும் உளுந்தோடு வேறு மாவு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பாக்கெட் உணவு வாங்கும்போது, கோதுமை, பார்லி போன்றவை இருந்தால் ஒவ்வாமைப் பொருளாக லேபிளில் குறிப்பிட வேண்டும் என்பது இப்போது விதி. 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட்டிருந்தால், ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. ஒரு தடவை படித்தாயிற்றே என்று இருந்துவிடாதீர்கள். கம்பெனிகள் சேர்மானத்தை மாற்றுவதுண்டு. ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்!

மாவு மில்லில் உஷார்

கேழ்வரகையும் அரிசியையும் கழுவிக் காயவைத்து, டப்பாவில் போட்டு, மில்லுக்கு அனுப்புகிறீர்கள். உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பவர் கையில் என்ன? ஐந்து கிலோ கோதுமை! அதே மெஷினில் அரைத்தால் அவர் வீட்டுக் கோதுமை மாவு கொஞ்சம் உங்கள் டப்பாவுக்கும் வந்துசேரும். 'முதலில் கொஞ்சம் அரிசி போட்டு ஓட்டி விடுங்க' என்று கேட்டாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. கோதுமையே அரைக்காத மெஷின் இருக்கிற மில்லாகப் பாருங்கள். இல்லாவிட்டால், மிக்ஸியிலோ வீட்டு உபயோகத்துக்கான சின்ன மாவு மெஷினிலோ அரைத்துக்கொள்ளுங்கள். கடையில் உதிரியாக அள்ளிப்போடும் மாவு வேண்டவே வேண்டாம்.

அடுக்களையில் ஒரு ஒழுங்கு

வீட்டில் ஒருவருக்காக எல்லோரும் கோதுமையை விட வேண்டும் என்பதில்லை. ஆனால், சில விதிகள் வேண்டும்.

* சல்லடை, உருட்டுக்கட்டை, மரக்கரண்டி, இட்லித் துணி ஆகியவற்றில் மாவு ஒட்டியே இருக்கும். இவற்றைப் புதிதாக, தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வேறு கலரில் இருந்தால் குழப்பம் வராது.

* சப்பாத்தி சுடும் கல்லில் தோசை வார்க்காதீர்கள். தோசைக்கல் தனி.

* எவர்சில்வர் பாத்திரங்களைச் சோப்பு போட்டு நன்றாகத் தேய்த்தால் போதும். புதிதாக வாங்க வேண்டியதில்லை.

* சீலியாக் உள்ளவருக்கான சமையலை முதலில் முடித்துவிடுங்கள். அப்புறம் சப்பாத்தி மாவைப் பிசையுங்கள்.

* அவருடைய டப்பாக்கள் மேல் தட்டில். கோதுமை டப்பா கீழே. மேலே இருந்து மாவு கொட்டுகிற ஆபத்து அப்போது இல்லை.

* பூரி, சமோசா பொரித்த எண்ணெயில் அப்பளமோ வடையோ பொரிக்கக் கூடாது.

* பிரெட்டில் தடவிய கத்தியை மறுபடி ஜாம் பாட்டிலில், வெண்ணெயில் விடாதீர்கள். அவருக்குத் தனி பாட்டில்.

கல்யாணம், ஹோட்டல், ஸ்கூல்

வாழ்க்கை வீட்டுக்குள்ளேயே இல்லையே! கல்யாணப் பந்தியில் சாம்பாரிலும் ரசத்திலும் பெருங்காயம் இருக்கும், நீர்மோரில்கூட இருக்கும். வீட்டிலேயே முக்கால் வயிறு சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பந்தியில் சாதம், கெட்டித் தயிர், நெய், வாழைப்பழம் என்று முடித்துக்கொள்ளலாம். நெருங்கிய சொந்தமென்றால் முன்கூட்டியே சமையல்காரரிடம் பேசித் தனியாக எடுத்துவைக்கச் சொல்லலாம். கூச்சப்பட வேண்டாம். சுகர் உள்ளவர் சர்க்கரை போடாத காபி கேட்கிறாரே, அதுபோலத்தான்.

ஹோட்டலில் தோசையை விட இட்லி பாதுகாப்பு. தோசை வார்க்கும் அதே கல்லில்தான் ரவா தோசையும் போடுவார்கள். மாவில் ரவையோ மைதாவோ சேர்ப்பார்களா என்று கேளுங்கள். சாம்பாரைத் தவிர்த்து, பெருங்காயம் போடாத சட்னியாகக் கேட்டு வாங்குங்கள். ரயில் பயணமென்றால் எலுமிச்சை சாதம், தயிர் சாதம், அவல், பழம் என்று கட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

கோயில் பிரசாதத்தில் சர்க்கரைப் பொங்கலா, ரவா கேசரியா என்று பாருங்கள். கேசரியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது. கத்தோலிக்கர்கள், திருவிருந்து அப்பம் கோதுமை என்பதால் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். குளூட்டன் மிகக் குறைவாக உள்ள அப்பத்துக்கும், திராட்சை ரசத்தை மட்டும் பெற்றுக்கொள்வதற்கும் திருச்சபையில் அனுமதி உண்டு.

குழந்தைக்கு என்றால், கிளாஸ் டீச்சருக்கு ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்கள். மற்றவர் டிபன் பாக்ஸிலிருந்து வாங்கிச் சாப்பிடக்கூடாது என்று பிள்ளைக்குப் பக்குவமாகச் சொல்லிக்கொடுங்கள். பிறந்தநாள் கேக் வருகிற நாளில் ஏமாறாமல் இருக்க, நாலைந்து கடலை மிட்டாய் டீச்சரிடம் கொடுத்து வைக்கலாம். விளையாடும் களிமண் வகைகளில் சில கோதுமை மாவில் செய்தவை. விளையாடி முடித்ததும் கை கழுவ வேண்டும்.

டாக்டரை மறந்துவிடாதீர்கள்

கோதுமையை நிறுத்தினதும் பலருக்குச் சில வாரங்களிலேயே தெம்பு வந்துவிடும். அதற்காக டாக்டரை மறந்துவிடக் கூடாது. உள்ளே குடல் முழுசாக ஆறுவதற்குக் குழந்தைகளுக்கு மாதக்கணக்கிலும், பெரியவர்களுக்கு இரண்டு வருஷம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம்.

ஆறு மாதத்தில் ஒரு தடவை, ஒரு வருஷத்தில் ஒரு தடவை, பிறகு வருஷா வருஷம் டி.டி.ஜி. பரிசோதனை செய்யுங்கள். அளவு இறங்கிக்கொண்டே வர வேண்டும். இறங்கவில்லையென்றால், எங்கேயோ ஒரு வில்லன் ஒளிந்திருக்கிறான் என்று அர்த்தம். ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் ஆசிட், வைட்டமின் டி, தைராய்டு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்வார்கள். பெரியவர்களுக்கு எலும்பு உறுதி சோதனையும் தேவைப்படலாம். குறைகிற சத்துக்கு மாத்திரை கொடுத்தால் ஒழுங்காகச் சாப்பிடுங்கள். விவரம் தெரிந்த டயட்டீஷியனை ஒரு முறையாவது பாருங்கள்.

கூடப் பிறந்தவர்கள், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்கும் ரத்தப் பரிசோதனை அவசியம். மற்றவர்களை விட இவர்களுக்கு வாய்ப்பு அதிகம். ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும் பார்த்துவிடுவது நல்லது.

நீங்கள் கேட்க நினைப்பவை

குடல் ஆறினதும் மறுபடி சப்பாத்தி சாப்பிடலாமா?

கூடாது. ஆறியது குடல்தான். உடம்பின் அந்தப் பழைய பகை ஆறவில்லை. குளூட்டனைக் கண்டதும் மறுபடி சண்டை ஆரம்பித்துவிடும்.

இதற்கு மருந்து இல்லையா?

இன்று வரை உணவுக் கட்டுப்பாடு ஒன்றுதான் வைத்தியம். ஆராய்ச்சிகள் நடந்துகொண்டிருக்கின்றன. 'இந்தப் பவுடரைச் சாப்பிட்டுவிட்டுத் தைரியமாகப் பரோட்டா சாப்பிடுங்க' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஓட்ஸ் சாப்பிடலாமா?

சாதாரண ஓட்ஸில் கோதுமை, பார்லி கலப்பு இருக்கும். கலப்பில்லாத, குளூட்டன் ஃப்ரீ ஓட்ஸ் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கிறது, எல்லோருக்கும் இல்லை. குடல் ஆறிய பிறகு டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

பால் குடித்தால் வயிறு பொருமுகிறதே?

குடல் சேதமாகியிருக்கும்போது பால் சர்க்கரை செரிக்காமல் போவதுண்டு. பெரும்பாலும் இது தற்காலிகம்தான். கொஞ்ச நாள் தயிர், மோராக எடுத்துக்கொண்டு பாருங்கள்.

எனக்கு சுகரும் இருக்கிறதே?

சுகருக்குச் சப்பாத்தி என்ற வழக்கமான யோசனை உங்களுக்குப் பொருந்தாது. அதற்காக மூன்று வேளையும் வெள்ளைச் சாதமும் சரியில்லை. சிறுதானியம், பயறு, காய்கறி என்று அளவோடு அமைத்துக்கொள்ளலாம். சிறு வயதிலேயே இன்சுலின் போட்டுக்கொள்கிற டைப் 1 நோயாளிகளிடம் சீலியாக் கொஞ்சம் அதிகமாகவே காணப்படுகிறது. அவர்கள் இரண்டு டாக்டரையும் கலந்து பேச வேண்டும்.

தெரியாமல் சாப்பிட்டுவிட்டேன். என்ன செய்ய?

முறிவு மருந்து எதுவும் இல்லை. பதறாதீர்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள், எளிமையாகச் சாப்பிடுங்கள். வயிற்றுப்போக்கோ வாந்தியோ அதிகமென்றால் டாக்டரைப் பாருங்கள். எதில் வந்தது என்று கண்டுபிடித்து நோட்டில் எழுதி வையுங்கள். 'இன்னிக்குதான் கெட்டுப்போச்சே' என்று அடுத்த வேளையும் கோட்டை தாண்டாதீர்கள்!

மருந்து, மாத்திரையில் இருக்குமா?

சில மாத்திரைகளில் ஸ்டார்ச் சேர்க்கிறார்கள். பெரும்பாலும் அது சோள ஸ்டார்ச்தான். இருந்தாலும், உங்களுக்கு சீலியாக் என்று ஒவ்வொரு டாக்டரிடமும் மருந்துக் கடையிலும் சொல்லிவிடுங்கள். பெருங்காயம் சேர்ந்த சூரணங்களை விசாரிக்காமல் சாப்பிடாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

கடைசியாக, இந்தப் பக்கத்தைப் படிக்கிற மற்ற குடும்பத்தினருக்கு ஒரு வார்த்தை.

வீட்டில் ஒருவருக்கு சீலியாக் என்றால், அவரை 'ரொம்ப அலட்டிக்கிறா', 'எதைக் கொடுத்தாலும் குறை சொல்றான்' என்று பேசிவிடாதீர்கள். விருந்தில் எல்லோர் இலையிலும் விழுகிற ஒன்று தன் இலையில் மட்டும் விழாமல் போகும்போது வருகிற ஏக்கம் சின்னதில்லை. முக்கியமாக, வீட்டில் அந்த நோயாளி அம்மாவாக இருந்தால் ரொம்பக் கவனம் வேண்டும். எல்லோருக்கும் சப்பாத்தி இட்டுக் கொடுத்துவிட்டு, தனக்கென்று தனியாக ஒரு தோசை வார்க்கச் சோம்பல்பட்டு, மிச்சமிருக்கிற ஒரு சப்பாத்தியைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவார். பிள்ளைக்கு என்றால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர், தனக்கு என்றால் 'பரவாயில்லை' என்றுவிடுவார். அவருக்கு ஒரு தோசை வார்த்துக் கொடுக்க வேண்டியது நீங்கள்தான்.

வாரத்தில் நாலு நாளாவது வீடு முழுக்க ஒரே சமையல், எல்லோரும் சாப்பிடக் கூடியதாக இருக்கட்டும். அடையும் அவியலும், இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் இருந்தால் யாருக்கு வேண்டாம் என்று சொல்ல மனசு வரும்? தனி இலை போடாமல், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

இன்றைக்குச் சாயங்காலமே ஆரம்பியுங்கள். முதலில் அந்த பெருங்காய டப்பாவை எடுத்து, பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்!